ஞானாம்பாள் பூண்ட ஆண்வேடம்

தமிழில் நாவல் என்னும் இலக்கிய வகையைத் தொடங்கி வைத்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்பதை அன்பர்கள் அறிவார்கள். 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வேடிக்கைக் கதையாகப் படித்து மகிழ்வோர் பலர். அதனுள்ளே மாதர் உரிமையைப் பற்றிய வழக்கொன்று நடைபெறுவதை நோக்குவோர் சிலரே.

பிள்ளையவர்கள் முன்சீபாக நீதி வழங்கியவர். நாவல் எழுதுமுன்னரே 'பெண்மதி மாலை' பாடிப் பெண்கல்வியை வற்புறுத்தியவர். அந்நூலிலும் 'நீதிநூலி'லும் கூறிய கருத்துக்களுக்கு உதாரணம் காட்டவே இக்கதையைப் புனைந்ததாக முகவுரையில் அவரே சொல்லுகிறார். ஆதலின் கதாநாயகி ஞானாம்பாளின் வாய்மொழியில் ஆசிரியரின் உள்ளத்தைத் தேடுவது பிழையாகாது.

பிரதாபனோ செல்வப் பிள்ளை. அவன் பாடத்தில் தவறினால் ஆசிரியர் மகன் கனகசபை அடிபடுவான்! ஞானாம்பாள் அவனோடு பயின்று அவனை விஞ்சி நிற்கிறாள். பின்னர்க் கணவனைப் பிரிந்து ஆணுடையில் வந்த அவளுக்கு யானை மாலையிட, விக்கிரமபுரியின் அரசுரிமை அவளை வந்தடைகின்றது. சிறைப்பட்ட கணவனை மீட்பவளும் அவளே. நீதிமன்றங்களில் மக்கள் மொழியே வழங்கவேண்டும் என்று வாதிடுபவளும் அவளே. முன்சீபாக இருந்தவர் தம் நெஞ்சுக்கு மிக நெருங்கிய இவ்வாதத்தைப் பிரதாபனிடம் ஒப்படைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். (ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம் இப்பகுதியைப் படிக்கையில் சற்றே நாணினோம்.)

ஆனால் ஒன்று நம்மை உறுத்துகின்றது. குடிகள் வணங்கியது ஆண் என்று நம்பிய ஓர் அரசனை. அறிவும் நீதியும் அவளுடையவை. அவற்றிற்கு இடம் தேடித் தந்ததோ ஆணுடை. ஆட்சியைத் துறந்தபின் அவள் மீண்டும் கணவனுக்கு அடங்கிய மனைவியாகவே ஊர் திரும்புகிறாள். பெண்ணின் அறிவு ஆணின் அறிவுக்குக் குறைந்ததன்று என்று ஐயமின்றி நாட்டிய பிள்ளையவர்கள், அவ்வறிவுக்குரிய பதவியைக் கதையின் இடைப்பகுதியில் மட்டுமே அளித்தார்.

சி ரூசா போன்ற தோட்டப்புறத்தில் கூலிக் கணக்கு எழுதும் கிராணிமார்க்கு இவ்விடத்தில் வேறொரு கணக்கு நினைவுக்கு வரும். நாவல் வெளிவந்து ஏறக்குறைய ஐம்பதாண்டு கழிந்தபின், 1920-களின் இறுதியில், மலாயாவில் எளிதில் சென்றடையக்கூடிய தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது: ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆண்களோடு மரம் வெட்டிப் பால் சுமந்தவளுக்கும் கணக்கேட்டில் பத்துக் காசு குறைத்தே எழுதப்பட்டது.

பிள்ளையவர்களின் கதைமாந்தர் பெரும்பாலும் செல்வக் குடியினர். கூலியைப் பற்றி ஞானாம்பாள் வாதிட நேரவில்லை. நேர்ந்திருந்தால், அந்தப் பத்துக் காசுக்கு என்ன காரணம் என்று விக்கிரமபுரி அரண்மனையில் கணக்கரை அழைத்து அவள் கேட்டிருப்பாள் என்றே நாம் எண்ணுகிறோம். கணக்கரிடம் விடையிருந்திராது.