விலங்குச் சித்திரமும் எலும்பியலும்

விலங்குகளின் தோலையும் மயிரையும் பார்த்து எழுதுவதோடு நில்லாமல், உள்ளிருந்து சரீரத்தைத் தாங்கும் எலும்புக்கூட்டையும் அதன் மூட்டுகள் மடங்கும் திசையையும் கற்று, அவ்வறிவின் துணையால் உயிருள்ள உருவத்தைத் தாளில் அமைக்கும் பயிற்சிமுறை, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஐரோப்பாவில் படிப்படியாக உருப்பெற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலாசாலைப் பாடமாக நிலைபெற்றது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் அது சித்திரக்கூடங்களின் வழியாக வந்ததைக் காட்டிலும் நூதனசாலைகளின் வழியாக வந்ததே பெரிது. மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், மேற்கே முத்துப்பார்களும் தெற்கே வில்பத்துக் காடும் எல்லையாக அமைந்த முள்ளிக்குளத்துச் சுற்றுப்புறம், கடற்பிராணியும் காட்டுப்பிராணியும் நீர்ப்பறவையும் ஒருங்கே வாழும் இடமாதலின், இம்முறையின் தத்துவங்களை விளக்குதற்குரிய உதாரணங்கள் பலவற்றை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அடிப்படைத் தத்துவம்

புறத்தோற்றத்தை மட்டும் நம்பி வரைகிறவன் பெரும்பாலும் மூட்டுகளிலேயே தவறுகிறான். வங்காலைக் களப்பில் நிற்கும் பூநாரையின் நெடிய காலின் நடுவே பின்னோக்கி மடியும் மூட்டை முழங்கால் என்று கொள்வது எவருக்கும் இயல்பு. ஆயின் அது கணுக்காலேயன்றி வேறில்லை. உண்மையான முழங்கால் வயிற்றோரத்து இறகுகளுக்குள் மறைந்து, மனிதனுடையதைப் போலவே முன்னோக்கித்தான் மடிகிறது. மன்னார் நகரத்துத் தெருக்களில் திரியும் கழுதையின் பின்னங்காலில் கூராகப் புடைத்து நிற்பது அதன் குதிகால். அப்பிராணி நிலத்தில் ஊன்றுவதோ நடுவிரல் ஒன்றின் நுனியை மட்டுமே. இவ்வாறு மனிதனது எலும்புக்கூட்டையே அளவுகோலாகக் கொண்டு, எவ்வெலும்பு நீண்டது, எது குறுகியது, எது மறைந்தது என்று ஒப்புநோக்குவதே இக்கல்வியின் முதற்படியாகும்.

வில்பத்துச் சிறுத்தை இரையை நோக்கிப் பதுங்கிச் செல்லும்போது, அதன் தோட்பட்டைகள் முதுகுக் கோட்டுக்கு மேலே மாறிமாறி எழுந்து தாழ்வதைக் காணலாம். தோட்பட்டை எலும்பு முள்ளந்தண்டோடு எலும்பால் பிணிக்கப்படாமல் தசைகளாலேயே தாங்கப்படுவதும், காறையெலும்பு மிகச் சிறுத்துத் தசைக்குள் புதைந்திருப்பதும் இதற்குக் காரணமாம். இக்காரணத்தை அறிந்தவன் அம்மேட்டை இடமறிந்து வைப்பான். அறியாதவன் அதைக் கொழுப்பென்றோ திமிலென்றோ மயங்குவான்.

ஐரோப்பாவில் வளர்ந்த விதம்

எலும்பறிவும் நேர்க்காட்சியும் இல்லாமல் வரைந்த சித்திரத்துக்குப் பிரசித்தமான சான்று, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் மரச்செதுக்காக வெளியிட்ட காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்த்துக்கேயருக்கு அளித்து, கோவாவிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலேற்றப்பட்ட அவ்விலங்கை டியூரர் கண்டதேயில்லை. பிறர் அனுப்பிய குறிப்பையும் கோட்டுருவத்தையும் கொண்டு வரைந்தமையால், தோலின் மடிப்புகள் அவர் கையில் தகடு தகடாகப் பொருத்திய போர்க்கவசமாக மாறின. அவ்வாறிருந்தும் அச்சித்திரம் இருநூறாண்டுக்கு மேலாக ஐரோப்பிய நூல்களில் பிரமாணமாக வழங்கிவந்தது.

1555இல் பிரெஞ்சு இயற்கையியலார் பியேர் பெலோன், மனித எலும்புக்கூட்டையும் பறவையின் எலும்புக்கூட்டையும் அருகருகே அச்சிட்டு, ஒத்த எலும்புகளுக்கு ஒத்த குறிகளை இட்டுக் காட்டினார். 1598இல் இத்தாலியரான கார்லோ ரூயினியின் குதிரை உடற்கூற்று நூல் வெளிவந்தது. ஆயினும் சித்திரக்காரனே கத்தியெடுத்து ஆராய்ந்து, தானே வரைந்து, தானே செப்புத்தகட்டிலும் செதுக்கிய அரிய முயற்சி, ஆங்கிலேயரான ஜார்ஜ் ஸ்டப்ஸினுடையது. அவர் 1756 முதல் லிங்கன்ஷயரின் ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரில், இறந்த குதிரைகளை நிற்கும் பாவனையில் கூரையிலிருந்து தொங்கவிட்டு, தோல் முதல் எலும்பு ஈறாக அடுக்கடுக்காக நீக்கி வரைந்து, 1766இல் குதிரையின் உடற்கூற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். சென்னைக் கவர்னராயிருந்த ஜார்ஜ் பிகட் ஆங்கில மன்னருக்கு அளித்த வேட்டைச் சிவிங்கியை, இரு இந்தியப் பணியாளரோடு ஓவியமாகத் தீட்டியவரும் இவரே. தம் இறுதிக் காலத்தில் மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றின் கட்டமைப்பையும் ஒப்பிடும் நூலொன்றைத் தொடங்கி, அது முற்றுப்பெறுமுன் 1806இல் காலமானார்.

1898 முதல் ஜெர்மனியில் எல்லன்பெர்கர், பாம், டிட்ரிக் ஆகிய மூவரும் சித்திரக்காரருக்கென்றே வெளியிட்ட விலங்கு உடற்கூற்றுப் படத்தொகுதிகள், இன்றும் மாணவர் கையில் உள்ளன. அமெரிக்கரான சார்ல்ஸ் நைட், அழிந்துபோன பிராணிகளின் எலும்புகளிலிருந்து அவற்றின் உயிருருவத்தை ஊகித்துத் தீட்டிப் புகழ்பெற்றார். விலங்குச் சித்திரம் பற்றிய அவரது நூல் 1947இல் வெளிவந்தது.

தமிழகத்திலும் இலங்கையிலும்

நம் நாட்டுச் சிற்பிகள் எலும்பை அடுக்கி ஆராய்ந்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மானின் முதுகு வளைவும் கால் மடிப்பும் இயற்கைக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காண்பார், இடைவிடாத நேர்க்காட்சியும் எலும்பின் இருப்பிடத்தைக் கைக்கு உணர்த்தவல்லது என்பதை ஒப்புக்கொள்வர். அநுராதபுரத்து இசுருமுனியப் பாறையில் நீராடும் யானைகளும் அத்தகையனவே.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, பறவைகளையும் விலங்குகளையும் தம் ஓவியர்களைக் கொண்டு வரைவித்ததோடு, மனித எலும்புக்கூட்டின் செயற்கைப் பிரதிமை ஒன்றையும் இங்கிலாந்திலிருந்து தருவித்தார். சென்னையில் 1850இல் சித்திரக் கலாசாலையைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு ரண வைத்தியர். சென்னை அரும்பொருட்காட்சியகத்தில், 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும், யானை ஒன்றன் எலும்புக்கூடும் பொதுமக்கள் காண வைக்கப்பட்டமையால், எலும்பைத் தீண்டுதற்கு அஞ்சிய ஆசாரமுடையோரும் அதை எட்டநின்று வரைந்து பழகும் வாய்ப்புப் பெற்றனர்.

இலங்கையில் இவ்வித்தையின் வரலாறு முத்துச்சலாபத்தோடு தொடர்புடையது. முள்ளிக்குளத்துக்கு அண்மையிலுள்ள மரிச்சுக்கட்டி முதலிய இடங்களில் சலாபம் நடத்த 1906இல் உரிமை பெற்ற முத்துக் கம்பெனியின் ஆய்வுகூடத்தில், 1907இல் உதவியாளராகச் சேர்ந்த ஜி. எம். ஹென்றி என்னும் இளைஞர், பின்னர் 1910இல் கொழும்பு நூதனசாலையில் படம் வரைவோராக அமர்ந்து, இலங்கைப் பறவைகளைத் தீட்டுவதில் நிகரற்றவராயினார். பறவைகளைப் பற்றிய அவரது கையேடு 1955இல் வெளிவந்தது. 1939 முதல் 1963 வரை அந்நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் அகப்பட்ட புதைபடிவங்களைக் கொண்டு, காண்டாமிருகமும் நீர்யானையும் ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தமையை நிறுவினார். எலும்பே இல்லாத காண்டாமிருகத்தை டியூரர் வரைந்தாரென்றால், எலும்பு மட்டுமே எஞ்சிய காண்டாமிருகத்தை இரத்தினபுரி அளித்தது.

மன்னார்க் கடலின் உதாரணங்கள்

ஆவுளியா என வழங்கும் கடற்பசுவைப் புறத்தே நோக்குவோர் அதை மீன் என்றே வரைவர். அதன் துடுப்பைப் பிளந்து எலும்பை நோக்கினால் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள் ஆகிய யாவும் வரிசையாகக் காணப்படும். பின்னங்கால்கள் அறவே மறைந்தன. இடுப்பெலும்பு மட்டும் சிறு கோல்களாகத் தசைக்குள் எஞ்சியிருக்கிறது. வால் கிடையாகப் பரந்து, முள்ளந்தண்டு மேலும் கீழுமாக அசைவதால், உடலைப் பக்கவாட்டில் நெளித்து வரைவது பிழையாகும். மேல்தாடையின் முன்னெலும்பு செங்குத்தாகக் கீழ்நோக்கி வளைந்திருப்பதே, கடலடிச் சாதாழையை மேய்தற்கேற்ற அதன் முகச்சாயலுக்குக் காரணம். விலா எலும்புகள் கனத்துத் திண்மையுற்றிருப்பதால், அப்பிராணி மிதவாமல் அடித்தளத்தில் நின்று மேய இயல்கிறது.

கடலாமையின் நிலை இன்னும் விசித்திரமானது. விலா எலும்புகள் பரந்து மேலோட்டின் பகுதியாகிவிட்டமையால், ஏனைய பிராணிகளில் விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும் தோட்பட்டை, இதில் உள்ளே அமைந்திருக்கிறது. ஆதலின் முன்துடுப்பு ஓட்டின் விளிம்பில் ஒட்டியதாக அன்றி, அதற்குள்ளிருந்து புறப்படுவதாக வரையப்படவேண்டும்.

எல்லையும் பயிற்சியும்

எலும்பறிவு ஒன்றே போதுமென்று கொள்வதும் தவறு. யானையின் துதிக்கையில் எலும்பே இல்லை. அதன் பாதத்தில் விரலெலும்புகளின் பின்னே கொழுப்பும் நாரும் கூடிய மெத்தை இருப்பதை வெறும் எலும்புக்கூடு காட்டாது. குதிரையின் எலும்பு யாவையும் அறிந்த ஐரோப்பிய ஓவியரும், அது பாய்ந்தோடுகையில் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் ஒருசேர விரிப்பதாகவே வழிவழி வரைந்துவந்தனர்; 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் நிழற்படங்களே, நான்கு குளம்புகளும் நிலத்தைவிட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழ் மடிந்திருக்கும் என்பதைப் பிரத்தியட்சமாக்கின.

எனவே உயிருள்ள விலங்கை முதலில் விரைந்து வரைதல், பின்னர் அதே நிலையில் எலும்புக்கூட்டை அமைத்துப் பார்த்தல், மீண்டும் உயிருள்ளதை நோக்கித் திருத்துதல் என்னும் மூவகைப் பயிற்சியே ஆசிரியர்களால் விதிக்கப்படுகிறது. ஆவுளியாவும் கடலாமையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவையாதலின், கரையொதுங்கிய அவற்றின் எலும்பையும் மாணவர் எடுத்துச் செல்லலாகாது. அவற்றை நூதனசாலையிலேயே காணவேண்டும். தொடக்கப் பயிற்சிக்கு இறைச்சிக்கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆட்டெலும்பே போதியது. ஆட்டின் தோட்பட்டையையும் முன்னங்காலையும் செவ்வையாக அறிந்தவன், புள்ளிமானையும் மாட்டையும் சிறு அளவு வேறுபாடுகளோடு வரைந்துகொள்வான்.