கடலடி ஒளிப்படமும் எளியோர் கைக்கருவியும்

கடலின் மேற்பரப்பை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கிறான். கலம் செலுத்தி அதன் வழிகளை வகுத்திருக்கிறான். ஆயினும், கடலடியைக் கரையில் உள்ளோரும் காணுமாறு படமாக்கித் தந்த வரலாறு இரு நூற்றாண்டுகளைக்கூட எட்டவில்லை. இன்று மாணவன் ஒருவன் தன் சேமிப்புப் பணத்தில் நீர்புகாப் படப்பெட்டி ஒன்றை வாங்கி, ஸ்னோர்கல் குழாயை வாயிற் கவ்வி, பவளப்பாறையைப் படமெடுக்க இயலும். அறிஞர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே உரியதாயிருந்த இக்கலை எளியோர் கைக்கு வந்தது எவ்வாறு, வந்தபின் அது நம்மிடம் வேண்டி நிற்பது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1856ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில், வில்லியம் தாம்சன் என்னும் வழக்கறிஞர் படக்கருவியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, முகப்பிற் கண்ணாடி பொருத்தி, கயிற்றால் ஏறத்தாழ 18 அடி ஆழத்தில் இறக்கினார். பத்து நிமிடம் ஒளி படவிட்டார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. எனினும், மங்கலான உருவம் ஒன்று தகட்டில் எஞ்சியது. அவர் படகிலேயே இருந்தார், நீருள் இறங்கவில்லை.

தாமே இறங்கிப் படமெடுத்து இக்கலைக்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான் ஆவார். 1893இல் தென் பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் உள்ள அராகோ ஆய்வகத்தில் அவர் பணிபுரிந்தார். அவர் உடன்பிறந்தார் வகுத்துத் தந்த நீர்புகா உறையில் கருவியை அடக்கி, கனத்த முக்குளிப்பு உடை அணிந்து கடலடியில் நின்றார். சில படங்களுக்கு அரைமணி நேரம் ஒளி படவேண்டியிருந்தது. ஒளி போதாதபோது, 200 லிட்டர் பிராணவாயு அடைத்த பீப்பாயின்மேல் சாராய விளக்கை ஏற்றி, ரப்பர்க் குமிழால் மக்னீசியத் தூளை ஊதிச் சுடர் எழுப்பினார். ஒரு படத்திற்கு ஒரு படகும் பல ஆள்களும் தேவைப்பட்ட காலம் அது.

1926இல் அமெரிக்காவின் புளோரிடா கடற்பகுதியில் லாங்லி என்னும் மீனியல் அறிஞரும் சார்லஸ் மார்ட்டின் என்னும் படப்பிடிப்பாளரும் முதல் கடலடி வண்ணப்படங்களை எடுத்தனர். அதற்கு, மிதவையின்மீது மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்தே வெளிச்சம் பெற்றனர். 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி மனிதனுக்கு நீருள் விடுதலை அளித்தது. பின்னர், பெல்ஜியப் பொறியாளர் ழான் தெ வூத்தர்ஸ் தனி உறையே வேண்டாத கலிப்சோ கருவியை வடித்தார். அதனையே 1963இல் நிக்கான் நிறுவனம் நிக்கோனோஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. 2001வரை அவ்வரிசைக் கருவிகள் உற்பத்தியாயின. எனினும், அவை விலை மிகுந்தவை.

எளியோருக்கான கதவு வேறு வழியாகத் திறந்தது. 1980இல் வந்த மினோல்டா வெதர்மேட்டிக் என்னும் மஞ்சள் நிறக் கருவி 5 மீட்டர் ஆழம்வரை தாங்கியது. கைதவறினால் நீரில் மிதந்தது. 1986இல் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் ஒருமுறைப் பயன்பாட்டுக் கருவியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அவ்வகையின் நீர்புகா வடிவங்களும் சந்தைக்கு வந்தன. விலை குறைந்தது, ஆனால், படச்சுருள் முடிந்ததும் கருவியே கைவிட்டுப் போயிற்று. இக்குறையை நீக்குவதே மீண்டும் மீண்டும் படச்சுருள் இட்டுப் பயன்படுத்தத்தக்க மலிவான கருவி. நெகிழி உறை, ரப்பர் வளையம், நீருள் எளிதில் இயக்கத்தக்க பெரிய விசை, மாறாத வேகம், மாறாத குவியம் இவ்வளவே அதன் உறுப்புகள்.

கருவி எளிதாயினும் கடலின் விதிகள் பூத்தான் காலத்தவையே. நீர் முதற்சில மீட்டர்களிலேயே செந்நிறத்தை விழுங்கிவிடுகிறது. ஆதலின் ஆழம் குறைந்த இடமும், உச்சி வேளைக்கு அண்மிய வெயிலும், 400 அல்லது 800 ஐஎஸ்ஓ படச்சுருளும் வேண்டும். ஒளிவிலகலால் ஒரு மீட்டர் தொலைவில் உள்ள மீன் முக்கால் மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். தட்டைக் கண்ணாடியின் பின்னுள்ள வில்லையும் அவ்வாறே காணும். எனவே, ஒரு மீட்டருக்கு அப்பால் தெளிவு தரும் கருவிக்கு, நீருள் ஏறத்தாழ ஒன்றே கால் மீட்டருக்கும் சற்று மிகுந்த இடைவெளி வேண்டும். மிகவும் விலகினாலோ நீரின் கலங்கல் படத்தை மறைக்கும். வளையத்தில் ஒரு மயிரோ ஒரு மணற்றுகளோ சிக்கினால் தாம்சனுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். கரையேறியதும் நன்னீரில் கழுவி, உலர்த்திய பின்னரே உறையைத் திறத்தல் வேண்டும்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானா? கடல் வெப்பமடையும்போது, பவள உயிரிகள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. வெப்பம் விரைவில் தணியாவிடின் அவை மடிகின்றன. 1998, 2010, 2014 முதல் 2017 ஆகிய காலங்களில் இவ்வெளிறல் உலகளவில் நிகழ்ந்தது. நான்காவது வெளிறல் 2024 ஏப்ரலில் உறுதி செய்யப்பட்டது. 2010இல் மலேசியாவின் தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டதை ஆசிரியர் பலர் நினைவுகூரலாம். ஒரு பவளத் திட்டினை ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே கோணத்தில், ஓரத்தில் ஒரு வெண்பலகையுடன் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வைத்தால் அது சான்றாகும். நீர் கவர்ந்த நிறம் எவ்வளவு, பவளம் இழந்த நிறம் எவ்வளவு என்பதை அவ்வெண்பலகை உணர்த்தும். சுருளில் உள்ள 36 படங்களும் எண்ணி எடுக்கும் பழக்கத்தைக் கற்பிக்கும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பூத்தான் அடித்தளத்தில் ஊன்றி நின்றார். நாம் மிதந்தே எடுத்தல் வேண்டும். கை நடுங்காதிருக்கப் பவளத்தின்மேல் கால் ஊன்றுபவன், படமாக்க வந்த உயிரையே நசுக்குகிறான். அன்று அறிஞர் ஒருவருக்குப் படகும் பீப்பாயும் ஆள்களும் கொண்டு கிட்டிய காட்சி, இன்று பள்ளி மாணவனுக்கும் கிட்டுகிறது. அக்காட்சி அவனுக்குப் பின் வருவோர்க்கும் எஞ்ச வேண்டுமாயின், தொடாது காணவும் தவறாது குறித்து வைக்கவும் அவனுக்குப் பயிற்றுதல் நம் ஆசிரியர்தம் கடனாகும்.