பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

போன எபிசோடுல கப்பல், துறைமுகம்னு பெரிய விஷயங்கள் பேசினோம். இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம். ரெண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு மணி. எங்க ஆச்சி ஊர்ல இருக்கிற கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளி.

ஊர் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு ஓரம். தேரின்னா செம்மணல் மேடு. பாக்காதவங்களுக்குச் சொல்றேன், பாலைவனத்துல பனைமரத்தை நட்டு வச்ச மாதிரி இருக்கும். போன வருஷம் லீவுல போயிருந்தப்போ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே ஒரு கூட்டம் போட்டாங்க. (எங்க பக்கம் சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம்.) விஷயம் இதுதான்: பள்ளிக்கூடத்துல இப்போ அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து 11 பிள்ளைங்க. தொடர்ந்து நடத்துறதா, பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துடறதா?

நான் ஆச்சிகிட்ட சும்மா சொன்னேன்: "வெள்ளைக்கார ஐயர் காலத்துல கட்டினது. அவங்க போயிட்டாங்க, இனி எத்தனை நாளைக்கு ஓடும்?" ஆச்சிக்குக் கோபம் வந்துடுச்சு. "எலேய், ஐயரா கட்டுனாரு? எங்க அம்மை அரிசி போட்டுக் கட்டுன பள்ளிக்கூடம்லா அது!"

அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரெண்டு மாசமா படிச்சுக்கிட்டு இருந்தேன். மிஷன் பள்ளின்னாலே வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க, நமக்குக் கல்வி கொடுத்தாங்கன்னு ஒரு கதை இருக்கு. மதம் மாத்த வந்தாங்க, அதுக்குப் பள்ளிக்கூடம் ஒரு தூண்டில்னு இன்னொரு கதை. ரெண்டு கதையிலயும் நம்ம ஊர்க்காரங்க சும்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உண்மையில அப்படியா இருந்தாங்க?

முதல்ல மணல்ல இருந்து தொடங்குவோம்.

1706 ஜூலையில சீகன்பால்கு தரங்கம்பாடியில வந்து இறங்குறார். டேனிஷ் அரசர் அனுப்பின ஜெர்மன்காரர், வயசு 24 கூட ஆகலை. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவர் என்ன பண்ணார்னா, உள்ளூர்ல திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தின ஒரு வாத்தியாரைத் தன் இருப்பிடத்துக்கே வரவழைச்சு, சின்னப் பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்து மணல்ல விரலால அ, ஆ எழுதிப் பழகினார். அடுத்த வருஷமே, 1707ல, அவரே பள்ளிக்கூடம் தொடங்கிட்டார். அதுல பெண் பிள்ளைங்களுக்கும் இடம் இருந்துச்சு. ஆக, தன் மிஷன் பள்ளியைத் தொடங்குறதுக்கு முன்னாடி, மிஷனரி தமிழ்ப் பள்ளிக்கூடத்துல மாணவரா இருந்திருக்கார்.

இந்த மணல் இன்னும் தூரம் போகுது. 1789ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூர்ல சிப்பாய்களோட பிள்ளைங்களுக்கான அநாதை விடுதிக்குக் கண்காணிப்பாளர் ஆகுறார். ஒரு நாள் வழியில உள்ளூர்ப் பள்ளி ஒண்ணைப் பாக்குறார். பிள்ளைங்க மணல்ல எழுதுறாங்க. மூத்த பிள்ளைங்க இளைய பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. நம்ம ஊர்ல சட்டாம்பிள்ளைன்னு சொல்லுவோமே, அதே ஏற்பாடு. இதைத் தன் விடுதியில பண்ணலாம்னு பாத்தா, அங்க இருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கலை. உடனே எட்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புக்கு அவனையே வாத்தியார் ஆக்கிட்டார்.

ஊருக்குத் திரும்பினதும் 1797ல லண்டன்ல இதைப் பத்திப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்'ங்கிற பேர்ல இங்கிலாந்து முழுக்க அது பரவுச்சு. அங்கயும் ஏழைப் பிள்ளைங்க தட்டுல மணலைப் பரப்பி எழுதினாங்க. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல, பெல் கொடுத்த பணத்துல தொடங்கின 'மெட்ராஸ் காலேஜ்'னு ஒரு பள்ளி இன்னைக்கும் இருக்கு! அப்புறம் அதே முறை மிஷன் பள்ளிகள் வழியா இந்தியாவுக்கே திரும்பி வந்துச்சு. நம்ம திண்ணையில இருந்து போன சரக்கு, சீமைச் சரக்கா நமக்கே வந்து சேர்ந்த கதை.

சரி, இப்போ தெக்க வருவோம். திருநெல்வேலிச் சீமை.

1799ல தேரிப் பக்கத்துல முதலூர்னு ஒரு ஊர் உருவாகுது. இந்தப் பகுதியில புதுசா கிறிஸ்தவர் ஆனவங்க தங்களுக்குன்னு அமைச்ச முதல் குடியிருப்பு, அதனாலதான் அந்தப் பேர். அதுக்கு முன்னால நின்னவர் டேவிட் சுந்தரானந்தம்னு ஒரு தமிழர். 1820ல ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வர்றார், 1838ல அங்கதான் இறந்தார். அவர் காலத்துல கிராமம் கிராமமா பள்ளிக்கூடம் முளைச்சுச்சு. 1830ல 'தரும சங்கம்'னு ஒண்ணு தொடங்குறாங்க. மதம் மாறினதால விரட்டப்பட்டவங்களுக்கு நிலம் வாங்கி வீடு கட்டிக் கொடுக்க, சபை மக்களே காசு போட்டு நடத்தின சங்கம்.

இந்த ஊர்கள்ல ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? பல இடத்துல தனிக் கட்டடமே கிடையாது. ஓலை வேய்ஞ்ச ஒரு கொட்டகை. வார நாள்ல பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். வாத்தியாரும் உபதேசியாரும் ஒரே ஆள். காலையில ஜெபம் நடத்துவார், அப்புறம் பாடம், சாயங்காலம் சுகமில்லாதவங்க வீட்டுக்குப் போவார், ராத்திரி யாராவது மனு எழுதணும்னா எழுதித் தருவார். ஊருக்கே எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்னா, பள்ளி நேரம்னு தனியா ஒண்ணு இருக்க முடியுமா?

பாடத்துக்கு மணலும் பனை ஓலையும். வேதவசனமும் மனப்பாடம், கணக்கு வாய்ப்பாடும் மனப்பாடம். ஆனா பதநீர் காலம் வந்தா வகுப்பு காலி. அப்பா ஒரு நாளைக்கு எத்தனையோ பனை ஏறி இறங்குவார். அம்மா விடிலியில பதநீரைக் காய்ச்சி கருப்பட்டி ஊத்துவாங்க. பிள்ளைங்க சுள்ளி பொறுக்கணும், தம்பி தங்கச்சியைப் பாத்துக்கணும். வருஷத்துல பாதி நாள் இதான் பொழப்பு.

இதுல இன்ஸ்பெக்டர் வேற. 1854 உட் அறிக்கைக்கு அப்புறம் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வருது. சென்னை மாகாணத்துல கொஞ்ச காலம் தேர்ச்சியைப் பாத்துத்தான் மானியம். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையா வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, தேறினவங்க கணக்குக்குத்தான் காசு. பிள்ளைங்க பனங்காட்டுல இருக்கிற நேரமா பாத்து அவர் வந்து நின்னா வாத்தியார் நிலைமையை நினைச்சுப் பாருங்க.

அப்போ மீதிக் காசு எங்க இருந்து வந்துச்சு? சீமையில இருந்து வந்துச்சு, உண்மைதான். ஆனா அது மட்டும் இல்லை. இங்கதான் ஆச்சி சொன்ன அரிசி வருது.

பிடி அரிசின்னா என்னன்னா, உலை வைக்கிறப்போ பானையில போடுற அரிசியில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போடணும். அரிசி இல்லாத வீட்டுல கம்போ கேப்பையோ. வாரக் கடைசியில அதைக் கோயிலுக்குக் கொண்டு போவாங்க. எல்லா வீட்டுதையும் கொட்டி வித்து, வர்ற காசு சபைச் செலவுக்கு. இதுல கவனிக்க வேண்டியது, காசு ஆம்பளைங்க கையில இருந்த காலத்துல, புருஷனைக் கேக்காம ஒரு பொம்பளை கொடுக்க முடிஞ்சது இந்த ஒரு கைப்பிடிதான். அடுப்படியில அவங்க வச்சதுதான் சட்டம். ஆச்சிக்கு அஞ்சாறு வயசு இருக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட ஒரு வருஷம் முழுக்க அவங்க அம்மா ரெண்டு பிடியா எடுத்தாங்களாம். "எங்க தட்டுல குறையும், கலயத்துல குறையாது"ன்னு சொன்னாங்க.

அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னொரு வழி. வீட்டுல வளர்த்த சேவல், முதல்ல காய்ச்ச பூசணி, ஒரு சிப்பம் கருப்பட்டி எல்லாம் காணிக்கையா வரும். ஏலத்துல ஒரு முட்டையை ஊரே போட்டி போட்டு ஏத்தும். முட்டைக்கு அந்த விலை இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். பெரிய பள்ளிகள்ல வேற வழிகளும் இருந்துச்சு. நாகர்கோவில்ல 1820கள்ல மார்த்தா மால்ட் அம்மா பெண் பிள்ளைங்களுக்குப் படிப்போட லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்து, அதை வித்த காசுல பள்ளியை நடத்தினாங்க. அவங்க மகள் எலைசா, கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்கு வந்தப்போ அந்தத் தொழிலும் கூடவே வந்துச்சு. அந்தப் பிள்ளைங்க தங்க படிப்புச் செலவைத் தாங்களே பின்னிக்கிட்டாங்கன்னு சொல்லலாம். பிள்ளைங்களை வேலை வாங்கினாங்கன்னும் சொல்லலாம். எனக்கு ரெண்டுமே சரின்னு தோணுது.

இனிக்காத பக்கத்தையும் சொல்லணும். ஊர் சேர்ந்து நடத்துச்சுன்னு சொல்றப்போ, எந்த ஊர்? பல கிராமங்கள்ல ஊர்னா ஒரு சாதி. பாளையங்கோட்டையில ரேனியஸ் தன் விடுதி மாணவர்கள் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்னு சொன்னப்போ, மேல்சாதிப் பிள்ளைங்க கிளம்பிப் போயிட்டாங்க. நான் ஆச்சிகிட்ட கேட்டேன், "தெக்குத் தெருப் பிள்ளைங்க உங்க கூட படிச்சாங்களா?" கொஞ்ச நேரம் பேசலை. "படிச்சுதுக. கடைசியில உக்காரும்." அவ்வளவுதான் சொன்னாங்க. அவங்க வீட்டுப் பிடி அரிசியும் அதே பானையிலதான் விழுந்திருக்கும், இல்லையா?

சுதந்திரத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு? 1956ல காமராஜர் மதிய உணவுத் திட்டம் தொடங்கினப்போ, அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. 1958ல இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்துச்சு. நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரா இருந்து முன்னெடுத்தது. ஊர் மக்கள் பெஞ்சு, தட்டு, கடிகாரம், கட்டடம்னு கொண்டு வந்து கொடுத்தாங்க. பிடி அரிசிப் பழக்கம் இருந்த ஊருக்கு இது புதுசாவா இருந்திருக்கும்?

அப்புறம் ஒவ்வொண்ணா அரசு எடுத்துக்கிச்சு. உதவி பெறும் பள்ளியில ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்குது. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு. 2024 ஜூலை 15ல இருந்து கிராமப்புற உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவு. இதெல்லாம் நல்லது, ரொம்ப நல்லது. எந்த அம்மாவும் தன் தட்டுல குறைச்சுப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டியதில்லை. ஆனா எங்க வேலையில ஒண்ணு பாத்திருக்கேன். நிறைய பேர் சேர்ந்து எழுதின ஒரு மென்பொருளை ஒரு கம்பெனி எடுத்து நல்லா நடத்தும். கொஞ்ச வருஷத்துல பழைய ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்துலயும் அப்படி நடந்துச்சுன்னு நினைக்கிறேன். எங்க ஊர்ல மணி அதே மணிதான், ஆனா அது அடிக்கிற நேரத்துல தெருவுல மஞ்சள் வேன் வந்து நிக்குது. ஆங்கில மீடியம்.

நான் யாரையும் குறை சொல்ல முடியாது. எங்க அம்மா அந்தப் பள்ளியில படிச்சவங்க. என்னை அந்த மாதிரி ஒரு வேன்லதான் ஏத்தி விட்டாங்க. அந்த வேன்ல ஏறினதாலதான் இன்னைக்கு இந்த வேலையில இருக்கேன்னு அவங்க நம்புறாங்க. நானும் பாதி நம்புறேன்.

கூட்டத்துக்கு வருவோம். ஒரு மணி நேரம் சத்தம். மூடிடலாம்னு சிலர், மூடினா இடம் என்ன ஆகும்னு சிலர். ஆசிரியை எழுந்து, "பதினோரு பேர்ல ஏழு பேர் கூலி வேலைக்குப் போறவங்க பிள்ளைங்க, நாலு பேர் வடக்க இருந்து செங்கல் சூளைக்கு வந்தவங்க பிள்ளைங்க. இவங்களை எந்த வேனும் ஏத்தாது"ன்னாங்க. கூட்டம் கொஞ்சம் அமைதியாச்சு. அப்புறம் சென்னையில இருக்கிற ஒரு அண்ணன் மாசம் இவ்வளவு தர்றேன்னார், ஒருத்தர் பெயின்ட் அடிச்சுத் தர்றேன்னார். நானும் ரெண்டு பழைய லேப்டாப் தர்றேன்னேன்.

பின்னாடி இருந்து ஆச்சி சத்தமா கேட்டாங்க: "துட்டு எல்லாரும் தருவிய. பிள்ளையை யாரு தருவா?"

யாரும் பதில் சொல்லலை. நானும்தான். இன்னும் ஒரு வருஷம் நடத்திப் பாக்கலாம்னு முடிவாச்சு. அந்த வருஷம் இந்த ஜூன்ல முடியுது. ஆசிரியைக்குப் போன் பண்ணிக் கேட்டேன், இப்போ 13 பிள்ளைங்க. புதுசா வந்த ரெண்டு பேரும் சூளைப் பிள்ளைங்கதான். தமிழ் எழுத்து அவங்களுக்குப் புதுசு. நோட்டுல எழுதப் பயப்படுறாங்கன்னு, வேப்பமரத்தடியில செம்மணலைப் பரப்பி விட்டிருக்காங்களாம்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு தொடக்கப்பள்ளி இருக்கும். கிறிஸ்தவப் பள்ளியோ, பஞ்சாயத்துப் பள்ளியோ, யாராவது ஒரு பெரியவர் திண்ணையில தொடங்கினதோ. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அதுக்கு ஓடு யார் போட்டாங்கன்னு வீட்டுல வயசானவங்களைக் கேளுங்க. கேட்டதைப் பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க, ஒரு எபிசோடா சேர்த்துப் போடலாம். அடுத்த வாரம் பாப்போம்.