பெற்றோரின் பீதி நோய் பிள்ளைகளுக்கும் வருமா?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நிறமும் முகச்சாயலும் அப்படி வரும்போது குடும்பமே மகிழ்கிறது. நோயும் அப்படி வந்துவிடுமோ என்று எண்ணும்போதுதான் பெற்ற மனம் கலங்குகிறது. பீதி நோயால் அவதிப்படும் தாய் தந்தையர் பலருக்கு இந்தக் கலக்கம் உண்டு.

பீதி நோய் என்பது என்ன? வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் திடீரென நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டும். கை கால்கள் நடுங்கும். உயிர் போகப் போகிறது என்ற எண்ணம் ஆட்டிப்படைக்கும். சில நிமிடங்களில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணிந்துவிடும். ஆனால் மறுபடியும் வந்துவிடுமோ என்ற அச்சம் மட்டும் தணிவதில்லை. அந்த அச்சத்தாலேயே கடைக்குப் போவதையும் பேருந்தில் ஏறுவதையும் விட்டுவிடுபவர்கள் உண்டு.

டார்வினின் கவலை

பரிணாமக் கொள்கையை உலகுக்குத் தந்த சார்லஸ் டார்வின் 1839ஆம் ஆண்டில் தம் தாய்மாமன் மகள் எம்மாவை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் மூவர் சிறு வயதிலேயே இறந்து போயினர். டார்வினுக்கோ இளமை முதலே படபடப்பும் வயிற்று உபாதையும் இருந்தன. 1865ஆம் ஆண்டில் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில், உயிர் பிரிவது போன்ற உணர்வு வருவதையும், மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் மனம் பதறுவதையும் அவர் குறிப்பிட்டிருந்தார்.

தமது உடல் நலிவு பிள்ளைகளுக்கும் போய்விடுமோ என்பதே அவரது பெருங்கவலை. 1852ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலேயே இந்த அச்சத்தை அவர் வெளியிட்டார். டார்வினுக்கு இருந்தது பீதி நோயாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் இருவர் 1997ஆம் ஆண்டில் எழுதினர். வேறு நோய்களைச் சொல்பவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு தந்தையாக அவர் பட்ட கவலையில் ஐயம் இல்லை.

இதயத்தின் மீது விழுந்த பழி

அன்றைய மருத்துவத்தில் பீதி நோய் என்ற பெயரே கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படபடப்பாலும் நெஞ்சு வலியாலும் அவதிப்பட்ட 300க்கும் மேற்பட்ட வீரர்களை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் ஆராய்ந்தார். 1871ஆம் ஆண்டில் அதை இதயக் கோளாறாகவே பதிவு செய்தார். முதல் உலகப் போரிலும் இதற்குப் 'போர்வீரர் இதயம்' என்றே பெயர். மனம் செய்த வேலைக்கு இதயம் பழி சுமந்தது.

திருப்பம் நியூயார்க்கில் ஏற்பட்டது. 1959ஆம் ஆண்டுவாக்கில் ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் சென்றன. சாகப் போகிறேன் என்று நாள்தோறும் தாதியரிடம் ஓடி வந்த ஒரு நோயாளி, இப்போது ஓடி வருவதில்லை என்பதைத் தாதியர்தான் முதலில் கவனித்தனர். பொதுவான கவலை வேறு, பீதித் தாக்குதல் வேறு என்ற உண்மை அதன் பிறகே தெளிவாயிற்று. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பீதி நோயைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது.

கணக்கு சொல்வது என்ன?

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் குடும்பங்களை முறையாக ஆராய வழி பிறந்தது. 1983ஆம் ஆண்டில் அயோவாவில் ரேமண்ட் குரோவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வில், பீதி நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரிடையே இந்நோய்க்கான வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 17 என்று தெரிந்தது. மற்ற குடும்பங்களில் அது இரண்டுக்கும் குறைவு. 2001ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, பீதி நோயில் மரபணுக்களின் பங்கு சுமார் 40 விழுக்காடு என்று கணிக்கப்பட்டது.

இந்த எண்களைக் கண்டு அஞ்சுவோர் அவற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே அயோவாக் கணக்கின்படி நூற்றில் 80க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வருவதில்லை. 40 விழுக்காடு என்பது ஒரு குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பும் அன்று. மக்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்பதையே அது சொல்கிறது. பிள்ளைக்குப் போவது நோய் அன்று, நோய்க்கு இடம் கொடுக்கும் இயல்பு மட்டுமே.

குழந்தை பார்த்துக் கற்பது

மீதி எங்கிருந்து வருகிறது? சுவீடன் நாட்டு இரட்டையர்களின் குடும்பங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரே உருவ இரட்டையரின் மரபணு ஒன்றே. ஆகவே ஒரு குழந்தைக்குத் தாயிடம் எவ்வளவு மரபணு உறவோ, தாயின் இரட்டையான பெரியம்மாவிடமும் அவ்வளவே. ஆனாலும் வளரிளம் பிள்ளைகளின் பதற்றம், பெரியம்மாவின் பதற்றத்தைக் காட்டிலும், வளர்க்கும் தாயின் பதற்றத்தோடுதான் ஒத்துப்போனது. அதாவது, வீட்டில் காண்பதும் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. மின்தூக்கியைக் கண்டு தாய் பின்வாங்கினால், அது ஆபத்தானது என்று குழந்தையும் முடிவு செய்துவிடுகிறது.

வேதனையான செய்தியாகத் தோன்றினாலும் நம்பிக்கை பிறப்பது இங்கேதான். மரபணுவை மாற்ற முடியாது. வீட்டுப் பழக்கத்தை மாற்றலாம். அதே 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோல்டா கின்ஸ்பர்க் என்ற உளவியலாளரின் ஆய்வு வெளிவந்தது. பதற்ற நோயுள்ள பெற்றோர்கள் 136 குடும்பங்களிலிருந்து அதில் பங்கேற்றனர். பிள்ளையை அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாக்காமல், அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் முறை கற்றுத் தரப்பட்டது. ஓராண்டு கழித்து, பயிற்சி பெற்ற குடும்பங்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான பிள்ளைகளுக்கே பதற்ற நோய் வந்தது. பயிற்சி பெறாத குடும்பங்களில் பத்தில் மூவருக்கு வந்தது. இது ஓர் ஆண்டின் கணக்கு, வாழ்நாள் உத்தரவாதம் அன்று. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய கணக்கும் அன்று.

ஆகவே பீதி நோயுள்ள பெற்றோர் பிள்ளைக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, தங்கள் நோய்க்குச் சிகிச்சை பெறுவதுதான். மருந்தும் உளவியல் சிகிச்சையும் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. அம்மாவுக்கு இப்படி வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று பிள்ளைக்குப் புரியும் சொல்லில் விளக்குவது அடுத்த உதவி. பிள்ளை பள்ளிக்கே போக மறுக்கும் அளவுக்கு அஞ்சினால் மருத்துவரை நாடத் தயங்கக் கூடாது.

டார்வின் 1882ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய பிள்ளைகள் சிலரும் உடல் நலிவால் சிரமப்பட்டது உண்மையே. ஆனால் ஜார்ஜ், பிரான்சிஸ், ஹோரஸ் ஆகிய மூன்று மகன்களும் அறிவியல் உலகில் பெயர் பெற்று 'சர்' பட்டமும் பெற்றார்கள். தந்தை அஞ்சியதுபோல் அவர்களின் வாழ்வு வீணாகிவிடவில்லை.