மூக்கில் சளியே இல்லை, ஆனாலும் சைனஸ்: ஸ்பீனாய்டு பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

'எனக்கு சைனஸ் இருக்கு' என்று சொல்பவர்கள் தொட்டுக் காட்டுவது நெற்றியை, இல்லாவிட்டால் கன்னத்தை. தொட்டே காட்ட முடியாத இடத்தில் இன்னொரு சைனஸ் இருக்கிறது. மூக்கின் பின்கோடியில், கிட்டத்தட்ட மண்டையோட்டின் நடுவில், ஸ்பீனாய்டு என்ற எலும்புக்குள் உள்ள காற்றறை அது.

மொத்த சைனஸ் நோய்களில் இது மட்டும் தனியாகப் பாதிக்கப்படுவது சுமார் 1 முதல் 3 சதவீதம்தான். அப்புறம் ஏன் கவலை? அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மேலே பிட்யூட்டரி சுரப்பி. பக்கவாட்டில் பார்வை நரம்பு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, கண்ணை அசைக்கும் நரம்புகள். நடுவே மெல்லிய எலும்புச் சுவர். சிலருக்குச் சில இடங்களில் அந்தச் சுவரும் இருக்காது.

எப்படித் தெரியும்?

முக்கிய அறிகுறி தலைவலி. உச்சந்தலையில், கண்ணுக்குப் பின்னால் அல்லது பின்மண்டையில் வரலாம். மூக்கடைப்பு இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் 'ரொம்ப நேரம் லேப்டாப் பாக்குறீங்க' என்ற அளவிலேயே பலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன.

நேரெதிர் குழப்பமும் உண்டு. சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன்தான். எனவே ஒவ்வொரு தலைவலிக்கும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். வலி புதிதாகத் தொடங்கி, மாத்திரைக்கு அடங்காமல், தூக்கத்தைக் கலைத்து, வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சாதாரண எக்ஸ்ரேயில் இந்த இடம் தெளிவாகத் தெரியாது. எண்டோஸ்கோபி, சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ.

என்னென்ன வரும், என்ன சிகிச்சை?

பெரும்பாலும் அழற்சிதான். திடீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக். நாள்பட்டதற்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும். தீவிரத் தொற்று ஓரிரு நாளில் அடங்காவிட்டால் எண்டோஸ்கோப் மூலம் அறையின் வாயைத் திறந்துவிடுவார்கள். முகத்தில் வெட்டு, தையல் எதுவும் இருக்காது. அறையின் வாய் அடைபட்டு, சளி தேங்கி, பலூன் மாதிரி உப்பினால் அது மியூகோசீல். அதற்கு மருந்து பலிக்காது, திறந்துவிடத்தான் வேண்டும்.

'பூஞ்சை' என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பலர் பதறுகிறார்கள். அதில் இரண்டு வகைக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எதிர்ப்பு சக்தி சரியாக உள்ளவர்களுக்கு வரும் பூஞ்சை உருண்டை, திசுவுக்குள் ஊடுருவாது. ஆபரேஷனில் சுத்தம் செய்தால் போதும், பூஞ்சைக்கொல்லி மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. ஊடுருவும் வகைதான் 2021 கொரோனா அலையில் நாம் 'கருப்பு பூஞ்சை' என்று கேள்விப்பட்டது. கட்டுக்கடங்காத சர்க்கரையும், அதிகமாகக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன. அந்த மே மாதம், இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களை மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது. இதில் மணிக்கணக்கே முக்கியம். ஆம்போடெரிசின் பி ஊசி, செத்த திசுவை அகற்றும் ஆபரேஷன், சர்க்கரைக் கட்டுப்பாடு மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும்.

கட்டிகளும் வரலாம். ஆனால் ஸ்கேன் பார்க்காமல் பயாப்சி எடுக்கக் கூடாது. கட்டி போலத் தெரிவது உப்பிய ரத்தக்குழாயாகவோ, கீழிறங்கிய மூளைத் திசுவாகவோ இருந்தால் ஆபத்து.

குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுகிறதா? அது ஜலதோஷமாக இல்லாமல், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் கசிவாக இருக்கலாம். அந்த நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை செய்தால் தெரிந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் விட்டால் மூளைக்காய்ச்சல் வரலாம். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள்.

ரிப்போர்ட்டில் வெறுமனே 'ஸ்பீனாய்டு சைனசைட்டிஸ்' என்று ஒற்றை வரி இருந்தால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பக்கம் மட்டுமா, எலும்பு அரித்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் அடுத்த கட்டப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.