விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

பசறையில் ஒரு தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லி, இஞ்சி இடித்துக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் விடியும்வரை பொறுத்திருந்தார். பதுளைக்குக் கொண்டுபோனபோது இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது.

இன்று நெஞ்சைப் பிளக்காமலே அடைப்பை நீக்குகிறார்கள். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, சாயம் ஏற்றி, எக்ஸ்ரே திரையில் அடைப்பைக் காண்பது அஞ்சியோகிராம். அந்த இடத்தில் சிறு பலூனை ஊதி வழியைத் திறந்து, மறுபடி மூடாதபடி ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பது அஞ்சியோபிளாஸ்டி. நோயாளி பெரும்பாலும் விழித்தபடியே இருப்பார். இதய நாடியில் இந்தப் பலூன் முறையை 1977 செப்டெம்பர் 16 அன்று சூரிச்சில் வைத்தியர் அந்திரியாஸ் குறுன்சிக் முதன்முதலாகச் செய்தார்.

மாரடைப்புக்கு இச்சிகிச்சை இரண்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் மிக நல்லது. மலைப்பாதையில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? தாமதமாகும் என்றால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை முதலில் ஏற்றி, பிறகு வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அந்த மருந்தும் வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் பலன் அதிகம். பெரியப்பா அதைத்தான் இழந்தார்.

வியர்த்து, நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணமில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம்.

ஸ்டென்ட் வைத்த பிறகும் ஒரு சிக்கல். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று மாத்திரையை விட்டுவிடுபவர்களை எங்கள் லயத்திலேயே பார்க்கிறேன். விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம்.