குதிரை முட்டையும் மந்திரக்கோலும்

2019இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, ஹாரி பாட்டர் நாவல்களை நூலகத்திலிருந்து அகற்றியது. அவற்றிலுள்ள மந்திரங்கள் நிஜமானவை, வாசித்தால் தீய ஆவிகள் வரக்கூடும் என்று பங்குத்தந்தை காரணம் சொன்னார்.

'பரமார்த்த குரு கதை'யை எழுதிய வீரமாமுனிவரும் சேசு சபைப் பாதிரியார்தான். ஐரோப்பியர் தமிழ் படிக்கப் பயன்பட்ட அந்தப் பிரதியை 1822இல் பாபிங்டன் லண்டனில் அச்சிட்டார். குரு-சீட மரபைப் பகடி செய்யும் அதன் அரசியலை மறைக்க வேண்டியதில்லை. ஆனா, திருக்கனூரில் கோடை லீவுல படிச்ச எங்களுக்கு அது மிஷனரிப் பிரதியே இல்ல. பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்புற முட்டாள்கள், அவ்வளவுதான்.

தடை செய்பவரும் பாடமாக்குபவரும் நம்புவது ஒன்றையே: பிரதி சொல்வதைக் குழந்தை அப்படியே விழுங்கிவிடும். எங்கள் சிரிப்பு அதற்கு அடங்கவில்லை.